அத்தியாயம் 6: தெருவுக்கு எது, வீட்டுக்குள் எது

பாலராமபுரத்தில் சொந்தத் தறி வைத்திருப்பவர்களுக்கும், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை பக்கம் வீட்டிலிருந்தே கைத்தறி முண்டும் சேலையும் விற்பவர்களுக்கும் இந்த அத்தியாயம். போனில் வீடியோ எடுக்க உங்களுக்குத் தெரியும். எடுத்ததை யார் பார்க்கலாம் என்று எப்படி வகுப்பது, பார்த்தவர்களின் கணக்கை எப்படி வாசிப்பது என்ற இரண்டை மட்டும் இங்கே செய்து பழகுவோம்.

பாலராம வர்ம மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ் பேசும் சாலியர் வந்து குடியேறிய தெருக்கள் நம்முடையவை. இங்கே பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும்போது யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். தறி வீட்டுக்குள் குழியில் இருக்கிறது. அதைப் பார்க்க வழி தெரிந்தவர்தான் வருவார். அடுத்த ஓணத்துக்கென்று யோசித்து வைத்த புதுக் கரை மாதிரி பெட்டிக்குள் இருக்கும். வீட்டில் நாலு பேருக்கு மட்டுமே அது தெரியும். யூடியூபில் உள்ள பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேட் மூன்றும் இந்தத் தெரு, தறிக்குழி, பெட்டி மூன்றுக்கும் சரியாகப் பொருந்தும்.

படம் பிடிக்கும் முன்

வீடியோவை எடுத்துவிட்டு, "இதை எங்கே போடலாம்?" என்று யோசிப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு கேமராவைத் திறங்கள்.

1. வீடியோ யாருக்கு என்பதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "பாவு ஆற்றுவதை ஊரே பார்க்கட்டும்", "துபாயில் இருக்கும் நாலு வாடிக்கையாளருக்கு இந்த வாரத்துச் சேலை", "புதுக் கரை, அண்ணனும் நானும் மட்டும்". அந்த வரியைப் பார்த்தாலே பப்ளிக், அன்லிஸ்டட், பிரைவேட் எது என்று தெரிந்துவிடும்.

2. படத்தில் வரப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். தறியில் இருக்கும் அக்காவிடம் "அக்கா, இத யூடியூப்ல போடப் போறேன், எல்லாரும் பாப்பாங்க. முகம் தெரியலாமா, கை மட்டும் போதுமா?" என்று முழுதாகக் கேட்க வேண்டும். "ஒரு வீடியோ எடுத்துக்கிறேன்" என்பது சம்மதம் கேட்டதாகாது. கை மட்டும் போதும் என்றால் நாடா ஓடுவதையும் மிதிக்கட்டை இறங்குவதையும் மட்டும் எடுங்கள். பார்க்கிறவருக்கும் அதுதான் பிடிக்கிறது.

3. குழந்தைகள் சட்டகத்துக்குள் ஓடி வந்தால் எடுப்பதை நிறுத்துங்கள். பள்ளிச் சீருடையில் பள்ளியின் பெயர் இருக்கும்.

4. பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். சுவரில் ஒட்டிய ஆர்டர் பட்டியல், பார்சலில் ஒட்டிய விலாசம், வீட்டு எண், பணம் வாங்கும் கியூஆர் அட்டை எல்லாம் கேமராவில் தெளிவாக விழும்.

நாலாவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை செட் முண்டின் கசவைக் கிட்டக் காட்டி எடுத்தேன். பின்னால் அனுப்பத் தயாராக இருந்த பார்சலில் ஒரு வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாளே முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு விலை கேட்டு போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் வாங்கவும் இல்லை. அன்றிலிருந்து பார்சல் கட்டும் மூலையில் கேமராவைத் திருப்புவதில்லை.

யூடியூபில் ஏற்றும் வரிசை

யூடியூப் ஸ்டூடியோ என்ற ஆப்பைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்க்கும் சாதாரண யூடியூப் ஆப் வேறு, இது வேறு. உங்கள் வீடியோக்களை நிர்வகிப்பதும் கணக்குப் பார்ப்பதும் இதில்தான். கணினி கிடைத்தால் இன்னும் வசதி. கீழே சொல்லும் சில வேலைகளைக் கணினியில் மட்டுமே செய்ய முடியும்.

1. எந்த வீடியோவானாலும் முதலில் பிரைவேட் ஆகவே ஏற்றுங்கள். கணினியில் ஸ்டூடியோவைத் திறந்து செட்டிங்ஸ், அப்லோட் டிஃபால்ட்ஸ், விசிபிலிட்டி என்று போய் பிரைவேட் என்பதைத் தேர்ந்து சேமித்தால் கணினியில் ஏற்றும் வீடியோ எல்லாம் தானாகவே அப்படி வரும். போனில் ஏற்றும்போது விசிபிலிட்டி என்ற வரியை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

2. ஏறி முடிந்ததும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், ஒலியோடு. பக்கத்து அறையில் யாரோ கடன் கணக்குப் பேசுவதும் பதிவாகியிருக்கலாம்.

3. தேவையில்லாத முகமோ விலாசமோ தெரிந்தால் கணினியில் ஸ்டூடியோவின் எடிட்டர் பகுதியில் ப்ளர் என்ற வசதி உண்டு. முகங்களைத் தானாகக் கண்டுபிடித்து மறைக்கும். விலாசம் போன்றவற்றை நீங்களே கட்டம் போட்டு மறைக்கலாம். மாற்றம் சேர நேரம் பிடிக்கும். அது முடியும்வரை வீடியோ பிரைவேட் ஆகவே இருக்கட்டும்.

4. குழந்தைகளுக்காக எடுத்ததா என்று ஒரு கேள்வி வரும். கைத்தறி வீடியோவுக்கு இல்லை என்பதே பதில். தெரியாமல் ஆம் என்று போட்டுவிட்டால் அந்த வீடியோவில் கருத்துப் பெட்டி மூடிக்கொள்ளும். விலை கேட்க வருபவர் கேட்க இடமில்லாமல் போய்விடுவார்.

5. தலைப்பும் விவரமும் எழுதுங்கள். போன் எண் போட வேண்டுமென்றால் வியாபாரத்துக்கென்று தனியாக வைத்த எண்ணைப் போடுங்கள். பாலராமபுரம் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. விசைத்தறித் துணிக்குப் பாலராமபுரம் கைத்தறி என்று தலைப்பு வைத்தால், தெருவில் குனிந்து பாவு ஆற்றுகிறவரின் வயிற்றில் அடிக்கிறோம் என்று பொருள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

6. இப்போது தாளில் எழுதிய வரியை எடுத்துப் பார்த்து, அதற்கேற்ப விசிபிலிட்டியை மாற்றுங்கள்.

பப்ளிக் என்றால் தேடலில் வரும், உங்கள் சேனல் பக்கத்தில் தெரியும், முன்பின் தெரியாதவருக்கும் யூடியூப் எடுத்துக் காட்டும். அன்லிஸ்டட் என்றால் தேடலிலும் சேனல் பக்கத்திலும் வராது. ஆனால் லிங்க் கையில் இருப்பவர் எவரும் பார்க்கலாம், இன்னொருவருக்கு அனுப்பலாம். பிரைவேட் வீடியோவை நீங்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைத்தவர் மட்டுமே, தன் கூகுள் கணக்கில் நுழைந்து பார்க்க முடியும். அப்படி 50 பேர் வரை அழைக்கலாம். லிங்கை மட்டும் அனுப்பினால் மற்றவர்களுக்கு வீடியோ திறக்காது.

7. கடைசியாகச் சோதனை. உங்கள் கணக்கு இல்லாத இன்னொரு போனில் லிங்கைத் திறந்து பாருங்கள். பிரைவேட் வீடியோ திறந்தாலும் தவறு, வாடிக்கையாளருக்கான அன்லிஸ்டட் வீடியோ திறக்காவிட்டாலும் தவறு.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அன்லிஸ்டட் வீடியோவை எல்லோருக்கும் திறந்திருக்கும் ப்ளேலிஸ்டில் சேர்த்துவிடுவது முதல் தவறு. ப்ளேலிஸ்டைத் திறக்கிறவர் அதையும் பார்த்துவிடுவார். வாடிக்கையாளருக்கு அனுப்பும் வீடியோவை எந்தப் ப்ளேலிஸ்டிலும் சேர்க்காதீர்கள்.

அன்லிஸ்டட் லிங்கை ஃபேஸ்புக் பக்கத்தில் ஒட்டிவிட்டு "யாருக்கும் தெரியாது" என்று நம்பி இருப்பது இரண்டாவது.

வாட்ஸ்அப்பில் பிரைவேட் லிங்கை அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் பதில் சொல்லவில்லையே என்று காத்திருப்பது மூன்றாவது. அவருக்கு வீடியோ திறந்தே இருக்காது.

பழைய வீடியோவை அழித்துவிடுவது நான்காவது. அழித்தால் லிங்கும் அதன் கணக்கும் சேர்ந்து போய்விடும். துணி விற்றுத் தீர்ந்ததென்றால் பிரைவேட் ஆக மாற்றி வைத்தால் போதும். எண்ணிக்கை அப்படியே இருக்கும், அடுத்த ஓணத்துக்கு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை யார் யார் பார்த்தார்கள் என்று யூடியூப் பெயர் சொல்லாது. எத்தனை முறை பார்க்கப்பட்டது, எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் சொல்லும். புதுக் கரை போட்ட சேலையைக் கொச்சியில் ஒரு கடைக்காரருக்கும், துபாயில் ஒரு அக்காவுக்கும், கழக்கூட்டத்தில் மொத்தமாக வாங்குகிறவருக்கும் ஒரே லிங்கில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை 60 என்று காட்டுகிறது. மூவரில் யார் பார்த்தார், யார் திறக்கவே இல்லை, யார் வேறு எங்கோ அனுப்பினார் என்று எதுவும் தெரியாது.

அதையே இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஒரே வீடியோவை மூன்று முறை, மூன்றும் அன்லிஸ்டட் ஆக ஏற்றுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு லிங்க் கிடைக்கும்.

2. தலைப்பில் உங்களுக்கு மட்டும் புரிகிற குறி வையுங்கள். "கசவு சேலை க", "கசவு சேலை ங", "கசவு சேலை ச" என்பதுபோல. வாடிக்கையாளரின் பெயரைத் தலைப்பில் எழுதாதீர்கள்.

3. எந்தக் குறி யாருக்கு என்று நோட்டில் எழுதிவிட்டு லிங்கை அனுப்புங்கள்.

4. அனுப்பிய பிறகு அந்த லிங்கை நீங்களோ வீட்டில் உள்ளவர்களோ திறக்காதீர்கள். எண்ணிக்கையை ஸ்டூடியோவில் மட்டும் பாருங்கள். இல்லையென்றால் நம் கணக்கை நாமே குழப்பிக்கொள்வோம்.

5. இரண்டு நாள் கழித்து வாசியுங்கள். 0 என்றால் அவர் இன்னும் திறக்கவில்லை. மெதுவாக ஒரு முறை நினைவூட்டலாம். 3 அல்லது 4 என்றால் அவரும் வீட்டாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரே இரவில் 4 என்பது 90 ஆனால் லிங்க் எங்கோ குழுவுக்குள் போய்விட்டது.

போவது எப்போதும் கெட்டதல்ல. துபாய் அக்கா தன் சிநேகிதிகளுக்கு அனுப்பியிருந்தால் அது வியாபாரம். ஆனால் புதுக் கரை மாதிரி விசைத்தறிக்காரர் கைக்குப் போனால், குழித்தறியில் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்ததை அங்கே சில மணி நேரத்தில் ஓட்டிவிடுவார்கள்.

லிங்க் வெளியே போய்விட்டதென்று தெரிந்தால்:

1. உடனே அந்த ஒரு வீடியோவைப் பிரைவேட் ஆக்குங்கள். எங்கெல்லாம் அந்த லிங்க் போயிருக்கிறதோ அங்கெல்லாம் அது திறக்காது.

2. மறுபடி அதையே அன்லிஸ்டட் ஆக்காதீர்கள். லிங்க் மாறாது, பழைய லிங்கை வைத்திருப்பவர் எல்லோருக்கும் திரும்பத் திறந்துவிடும். வீடியோவைப் புதிதாக ஏற்றிப் புது லிங்கை உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

3. யாராவது ஏற்கெனவே தன் போனில் பதிவு செய்திருந்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, விற்பனைக்கு வராத மாதிரியை முழு முந்தி விரித்துக் காட்டாதீர்கள். கரையில் ஒரு சாண் காட்டினால் வாங்குகிறவருக்குப் புரியும், நகல் எடுக்கிறவருக்குப் போதாது.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். யூடியூப் சொல்லாத ஒன்றை இது சொல்லும்: பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல். அதைப் பார்க்க மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

1. நீங்கள் அவர் எண்ணையும், அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருக்க வேண்டும். நூறு பேர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தும் நீங்கள் அவர்களைச் சேமிக்கவில்லை என்றால் உங்கள் ஸ்டேட்டஸ் அவர்களுக்குப் போகாது. விலை கேட்டு எழுதுகிறவரின் எண்ணை அன்றே சேமியுங்கள்.

2. ரீட் ரிசீட்ஸ், அதாவது நீல டிக், இயங்க வேண்டும். அதை அணைத்து வைத்தால் பார்த்தவர் பட்டியலில் எவரும் தெரியமாட்டார்கள். வாடிக்கையாளர் அணைத்து வைத்திருந்தாலும் அவர் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

3. ஸ்டேட்டஸ் பிரைவசியில் மூன்று வழி உண்டு: சேமித்த எல்லோருக்கும், சிலரை விட்டு மற்றவருக்கு, தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். ஸ்டேட்டஸ் போடும் முன் மாற்றுங்கள். போட்ட பிறகு மாற்றினால் போட்டதற்கு அது பொருந்தாது.

ஃபேஸ்புக்கில் கடைசியாக யாருக்கு என்று தேர்ந்தீர்களோ அதையே அடுத்த பதிவுக்கும் அது வைத்துக்கொள்ளும். நேற்றுத் துணியைப் பப்ளிக் ஆகப் போட்டு, இன்று வீட்டுக் கல்யாண வீடியோவைக் கவனிக்காமல் போட்டால் அதுவும் பப்ளிக் ஆகப் போய்விடும். வியாபாரத்துக்கென்று தனிப் பக்கம் திறந்து, குடும்பப் படங்களைத் தனிக் கணக்கில் வைத்தால் இந்தச் சங்கடம் தீரும்.

இன்ஸ்டாகிராமில் பார்வைக் கணக்கு வேண்டுமென்றால் பிசினஸ் கணக்காக மாற்ற வேண்டும். பிசினஸ் கணக்கைப் பிரைவேட் ஆக வைக்க முடியாது. அங்கே சிலருக்கு மட்டும் காட்ட நினைப்பதை க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரியில் போடுங்கள்.

எண்களை வாசிப்பது

ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸ் என்ற இடத்தைத் திறந்தால் வரைபடம் வரைபடமாக வரும். நமக்கு நாலு எண் போதும்.

முதலாவது, பார்வை. ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது; விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேருவார். ஆகவே 5,000 என்று பார்த்ததும் நூலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நின்று பார்த்தவரை என்கேஜ்டு வியூஸ் என்று தனியாகக் காட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சராசரிப் பார்வை நேரம். 6 நிமிட வீடியோவை 200 முறை பார்த்து, சராசரி ஒன்றரை நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். சராசரி குறைவாக இருந்தால் கீழே இறங்கும் கோட்டைப் பாருங்கள். எந்த நொடியில் சரிகிறதோ அந்த நொடியில் என்ன காட்டினீர்கள் என்று திரும்ப ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாம் வணக்கம் சொல்லி ஊர்ப் பெருமை பேசும் இடத்தில்தான் கோடு சரியும். துணியை முதல் 20 விநாடிக்குள் காட்டுங்கள், வரலாறு பிறகு வரட்டும்.

மூன்றாவது, எங்கிருந்து வந்தார்கள். டிராஃபிக் சோர்ஸ் பகுதியில் தேடி வந்தவர், யூடியூபே காட்டி வந்தவர், வாட்ஸ்அப் போன்ற வெளியிடத்திலிருந்து வந்தவர் என்று பிரித்திருக்கும். தேடி வந்தவர் என்ன சொல்லைத் தட்டினார் என்பதும் அங்கே கிடைக்கும். "செட் முண்டு" என்று தேடுகிறார்களா, "கசவு சேலை" என்று தேடுகிறார்களா, தமிழிலா, மலையாளத்திலா என்று பார்த்து அடுத்த தலைப்பை அதே சொல்லால் எழுதுங்கள். எல்லையில் இருக்கும் நமக்கு இரு மொழியிலும் எழுத வரும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, எந்த நாடு. வளைகுடாவிலிருந்து பார்வை வருகிறதென்றால் அவர்கள் நேரத்துக்குப் போடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே 7.30, வேலை முடிந்து வந்து போனை எடுக்கும் நேரம்.

நாள்கணக்கில் ஒரு குழப்பம் வரும். அனலிட்டிக்ஸ் தன் நாளை அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி தொடங்குகிறது. ஓணக் காலத்தில் நமக்குப் பகல் 12.30க்குத்தான் அங்கே புது நாள் பிறக்கும். காலையில் போட்ட வீடியோவின் பார்வை முந்தைய தேதியில் விழுந்தால் பதற வேண்டாம். வாரக் கணக்காகப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அன்லிஸ்டட் வீடியோவில் பார்வை மிகக் குறைவாக இருப்பதால் நாடு, வயது போன்ற விவரங்கள் பல நேரம் காட்டப்படாது. அங்கே எண்ணிக்கையும் நேரமும் கிடைத்தால் போதும்.

விளம்பர வருமானம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விளம்பரத்தில் பங்கு வாங்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வை இருந்தாலும் போதும். இதில் பப்ளிக் வீடியோ மட்டுமே சேரும். அந்தக் கணக்குக்காகப் பெட்டிக்குள் இருக்க வேண்டியதைத் தெருவில் விரிக்காதீர்கள். ஒரு நல்ல சேலை விற்றால் வருகிற பணம் அதைவிட நிச்சயமானது.

கணக்கைப் பூட்டி வைத்தல்

1. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

2. வீடியோ ஏற்றித் தரும் தம்பிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து எடிட்டர் என்றோ, கணக்கு மட்டும் பார்க்க வியூவர் என்றோ உரிமை கொடுக்கலாம். அவர் வேறு வேலைக்குப் போனால் ஒரு தட்டில் நீக்கிவிடலாம்.

3. பணம் கொடுத்தால் பார்வை ஏற்றித் தருகிறேன் என்பவரை அண்டவிடாதீர்கள். பொய்ப் பார்வையை யூடியூப் அனுமதிப்பதில்லை, சேனலே போகலாம். அதோடு உங்கள் நோட்டுக் கணக்கும் எதற்கும் உதவாததாகிவிடும்.

4. "உங்கள் வீடியோவில் பதிப்புரிமைப் புகார், இந்த லிங்கைத் தட்டுங்கள்" என்று வரும் செய்தியைத் தட்டாதீர்கள். உண்மையான புகார் ஸ்டூடியோவைத் திறந்தால் அங்கேயே தெரியும்.

5. கணக்கில் பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வேலை

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: வீடியோவின் குறி, தெருவா குழியா பெட்டியா, பார்வை, சராசரி நேரம், விலை கேட்டு வந்தவர் எத்தனை பேர். கடைசிப் பத்தியை எந்த ஆப்பும் நிரப்பித் தராது. யார் எந்த வீடியோ பார்த்துக் கூப்பிட்டார் என்று நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும். "எந்த வீடியோ பாத்து வந்தீங்க?" என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

பிறகு பட்டியலை மேலிருந்து பாருங்கள். விற்றுத் தீர்ந்த துணியின் அன்லிஸ்டட் வீடியோவைப் பிரைவேட் ஆக்குங்கள். இந்த வாரம் கடைக்குப் போய்விட்ட கரை மாதிரியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பப்ளிக் ஆக்கலாம், இனி அதை மறைப்பதில் பயனில்லை. பெர்மிஷன்ஸ் பட்டியலில் தேவையில்லாத பெயர் இருந்தால் நீக்குங்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த வாரத்து வீடியோவுக்கான ஒரு வரியைத் தாளில் எழுதுங்கள்.